ஆறங்குல ஆணி

செர்ரி ரோட்டு வங்கியை அளக்க
கதவு திறக்கும் முன்பே போய்விட்டோம்
நானும் ஏகாம்பரமும்.
நாடாவின் பூஜ்ய முனை எப்போதும் அவர் கையில்.
எண்கள் என் பக்கம்.

முகப்பில் ஆறு தூண்கள்.
உச்சியில் சுருண்டு விரியும் இலைகள்,
இந்த ஜில்லாவில் எங்கும் முளைக்காத ஏதோ செடி.
கருங்கல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்
இருபது வருடமாக, பஸ் ஜன்னலிலிருந்து.
ஏகாம்பரம் விரல் முட்டியால் தட்டினார்.
"காரைங்க மேடம். உள்ளாற செங்கல்."
கல்லுக்குக் கல் கோடு கீறி
கோட்டுக்குக் கோடு நிழல் வைத்து
எவனோ ஒரு கொத்தன்
கரண்டி முனையால் ஒரு குன்றைப் பொய் சொல்லியிருக்கிறான்.
அத்தனை சுத்தமான பொய்.

நிமிர்ந்தால் வடக்கே சேர்வராயன்.
நிஜக் கல்,
கேட்பாரற்று
மேகம் வரைக்கும் கிடக்கிறது.

கதவு பதினாலடி.
எந்தத் துரையும் அவ்வளவு உயரமில்லை.
வருகிறவனைக் குள்ளமாக்க வைத்த கதவு.
இன்றும் வேலை செய்கிறது:
ஜவ்வரிசி மில் வைத்திருப்பவர்
உள்ளே வந்ததும் செல்போனில் குரலைத் தணிக்கிறார்.
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த பெண்
செருப்பைக் கழற்றிவிட்டாள்,
யாரும் கழற்றச் சொல்லாமலே.

கூடம் இருபத்து மூன்றடி உயரம்.
தேக்கு விட்டங்கள், அவற்றின்மேல்
நெட்டுக்குத்தாக நிற்கும் சிறு செங்கற்கள்,
சுண்ணாம்பு, கடுக்காய்,
அதற்கும் மேலே ஏப்ரல் மாதம்.
வெயில் இறங்கி வருவதற்குள் களைத்துவிடுகிறது.
மின்விசிறிகள் பத்தடித் தண்டில் தொங்கி
ஒரு டோக்கன் சீட்டைக்கூட அசைக்கவில்லை.
ஒழுகிய இடம் மூன்று, விரிசல் ஒன்று,
புறாக்கள் எண்ணவில்லை.

பெட்டக அறைக்கு இரண்டு சாவி.
ஒன்று கேஷியர், ஒன்று மேனேஜர் ஹில்டா சகாயம்.
இருவரும் திருப்பினால்தான் திறக்கும்,
ஒருவரை ஒருவர் பார்க்காமல் திருப்பினார்கள்.
ரோட்டுப் பக்கச் சுவர் மூன்றடி.
கொல்லைப் பக்கம் மூன்றடி.
கூரையில் வரிசையாகத் தண்டவாளம் புதைத்திருக்கிறது,
ஆகாயத்திலிருந்து குதிக்கும் திருடனுக்கு.
தரையில் பாறை,
எலிகளுக்கு.

நான்காவது சுவரில் கணக்கு இடித்தது.
வெளி அளவிலிருந்து உள் அளவைக் கழித்தேன்.
மறுபடி கழித்தேன்.
நாடாவை மாற்றிப் பிடித்தோம், பூஜ்யம் என் கையில்.
ஐந்து அங்குலம்.
பூச்சோடு சேர்த்து.

ஏகாம்பரம் டார்ச்சை உயர்த்தினார்.
தலைக்கு மேலே, சுவரிலிருந்து,
துருப்பிடித்த ஒரு ஆணி முனை
உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
சதுர ஆணி, பட்டறையில் அடித்தது.

சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம்.
அது ஏஜெண்ட் துரையின் அறை,
இப்போது மேனேஜர் அறை.
அந்த ஆணியில்தான் முதல் ஏஜெண்டின் படம்,
மீசையும் தங்கச் சங்கிலியுமாக,
கனத்த சட்டத்துக்குள்.
அவரே அடித்திருப்பாரோ,
ஆளை விட்டு அடித்திருப்பாரோ.
ஆறங்குலமும் இறங்கியபோது
சுத்தியல் பிடித்த கைக்குத் தெரிந்திருக்கும்.

ஹில்டா மேடம் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "பதினோரு வருஷமா
இந்தச் சுவத்துலதான் சாஞ்சு உக்காந்திருக்கேன்" என்றார்.
"ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

படிவத்தில் ஒரு வரி உண்டு:
சுவர் – கல் / செங்கல்.
பொருந்தாததை அடிக்கவும்.
கல்லை அடித்தேன்.
தடிமன் என்ற கட்டம் ஒன்றே ஒன்று,
அதில் ஒரு எண்ணுக்குத்தான் இடம்.

வெளியே வந்தபோது செவ்வாய்ப்பேட்டைப் பெண்
மூன்றாம் தூணில் சாய்ந்து நின்று
பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.
கொலுசுகள் உள்ளே போய்விட்டன,
எந்தச் சுவரை ஒட்டிய அலமாரி என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.
எண்ணி முடித்தாள், மறுபடி எண்ணினாள்.
நகர்ந்தபோது ரவிக்கைத் தோளில்
வெள்ளையாய்ச் சுண்ணாம்பு.

ஏகாம்பரம் சொல்ல வாயெடுத்தார்.
அதற்குள் ஐந்து ரோடு பஸ் வந்துவிட்டது.